சொல்ஃபா நோட்டிலிருந்து மியூஸ்ஸ்கோருக்கு

எங்கள் ஆலயப் பாடகர் குழுவின் பழைய பாட்டு நோட்டுகள் மூன்றும் என் பொறுப்பில் இருக்கின்றன. சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று மேலிருந்து கீழாக நான்கு குரல்களும் டானிக் சொல்ஃபாவில், அதாவது டோ, ரே, மி என்ற எழுத்துமுறையில், மையால் எழுதப்பட்டவை. ஓரங்கள் உதிரத் தொடங்கிவிட்டன. அவற்றை, இசைக்குறிப்பு எழுதும் இலவச மென்பொருளான மியூஸ்ஸ்கோரில் ஏற்றிவருகிறேன். இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்காக என் வழக்கத்தை எழுதுகிறேன்.

மூலப்பாட்டு எந்தச் சுருதியில் இருந்தாலும் முதலில் சி மேஜரிலேயே ஏற்றுங்கள். டோ என்றால் சி, ரே என்றால் டி, மி என்றால் ஈ. மனம் கணக்குப் போடாமல் விரல் ஓடும். எல்லாம் முடிந்தபின் முழுவதையும் தேர்ந்தெடுத்து, டூல்ஸ் பட்டியலில் உள்ள டிரான்ஸ்போஸ் மூலம் உரிய சுருதிக்கு மாற்றிவிடலாம்.

சுட்டியால் ஒவ்வொரு சுரமாக வைக்காதீர்கள். முதல் அளவைச் (இரு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட கட்டம்) சொடுக்கி, N எழுத்து விசையை அழுத்தினால் சுரம் ஏற்றும் நிலை வரும். இனி ஒரே விதிதான்: நீளம் முதலில், சுரம் பிறகு. எண் விசைகளில் 4 குவேவர் (அரைத் தாள அடி), 5 கிராட்செட் (ஓர் அடி), 6 மினிம் (இரண்டு அடி), 7 செமிபிரீவ் (நான்கு அடி). பூஜ்யம் ஓய்வு.

பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியில் வரும் மகிழ்ச்சிப் பாடலின் மெட்டை எடுத்துக்கொள்வோம். சொல்ஃபாவில் மி மி ஃபா சோ, சோ ஃபா மி ரே, டோ டோ ரே மி. எல்லாம் கிராட்செட். ஆகவே 5-ஐ ஒருமுறை அழுத்திவிட்டு ஈ, ஈ, எஃப், ஜி என்று தட்டிக்கொண்டே போகலாம். முதல் ஈ ஓர் எட்டுச்சுரம் மேலே விழுந்தால் கண்ட்ரோலுடன் கீழ் அம்பு. அடுத்தடுத்த சுரங்கள் முந்தையதற்கு அருகிலேயே விழும்.

நான்காம் அளவில்தான் பலரும் தடுக்குகிறார்கள். நோட்டில் மி-க்குப் பிறகு ஒரு கோடு, ஒரு புள்ளி, பிறகு ரே இருக்கும். மி ஒன்றரை அடி நிற்கிறது, ரே அரை அடி என்று பொருள். 5, முற்றுப்புள்ளி விசை, ஈ. பிறகு 4, டி. கடைசியில் 6, டி. சொல்ஃபாவின் புள்ளி அடியைப் பாதியாகப் பிரிக்கிறது. மியூஸ்ஸ்கோரின் புள்ளி சுரத்தை நீட்டுகிறது. இரண்டையும் ஒன்றாக நினைத்தால் அந்த அளவு முழுவதும் கெட்டுவிடும்.

சோப்ரானோ முடிந்ததும் ஆல்ட்டோ. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு எழுத்தைத் தட்டினால் அதே தண்டில் (சுரத்தின் செங்குத்துக் கோட்டில்) இன்னொரு சுரம் சேரும். வேகமான வழிதான், ஆனால் குழுப் பாட்டுக்கு வேண்டாம். சோப்ரானோ இரண்டு கிராட்செட் பாடும்போது ஆல்ட்டோ ஒரே மினிமில் நிற்கும் இடத்தில் அது உடைந்துவிடும். முதல் அளவுக்குத் திரும்பி, N விசையை அழுத்தி, கண்ட்ரோல், ஆல்ட், 2 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். இரண்டாம் குரல் பச்சை நிறத்தில், தண்டு கீழ்நோக்கி வரும். கீழ்வரியில் டெனரும் பேஸும் இதே முறையில்.

பாடல் வரிகளைக் கடைசியில் ஏற்றுங்கள். முதல் சுரத்தைத் தேர்ந்து கண்ட்ரோல், எல். சொல்லுக்குள் அசை பிரிய ஹைஃபன், சொல் முடிய இடைவெளி, அடுத்த சரணத்துக்கு என்டர். தமிழில் மெய்யெழுத்து தனியாக ஒரு சுரத்தில் நிற்காது. முந்தைய எழுத்தோடுதான் போகும். 'அன்பின்' என்பதற்கு இரண்டு சுரங்களே: 'அன்', 'பின்'. எழுத்துக்கு ஒன்றாகப் பிரித்தால் நான்கு சுரங்களைத் தின்றுவிடும், பாட்டு முடியும்போது பாதி வரி மிஞ்சும். ஒரே அசை பல சுரங்களில் இழுபட்டால் அடிக்கோடு இடுங்கள். எழுத்துரு ஒழுங்காக வர, ஸ்டைல் அமைப்பில் ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி இரண்டுக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றைத் தனித்தனியே கொடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டாம் சரணம் வேறு எழுத்தில் நிற்கும்.

பிறகு எஸ்கேப் அழுத்தி, முதல் அளவைத் தேர்ந்து, இடைவெளி விசையைத் தட்டிக் கேளுங்கள். நான் பழைய நோட்டை மடியில் விரித்து, ஆல்ட்டோவை மட்டும் விரலால் தொடர்ந்தபடி ஒருமுறை, டெனருக்கு ஒருமுறை என்று நான்கு முறை கேட்கிறேன். சோப்ரானோவில் பிழை இருந்தால் காது உடனே பிடித்துவிடும். நடுக்குரல்களில் அப்படியில்லை.