வீட்டு வாசல்லயே இன்ஜின் மாத்துறீங்களா? ஆயில் சீல்ல நடக்குற தப்புங்க

வேலூர் பக்கம் மாருதி ஆம்னி வேன் இன்னும் நிறைய ஓடுது, காட்பாடி ஸ்டேஷன் ட்ரிப்பு, நேதாஜி மார்க்கெட் காய்கறி லோடு, கல்யாண சாமான்னு எல்லாத்துக்கும் அதுதான். இன்ஜின் உக்காந்துடுச்சின்னா பாதிப்பேரு சென்னை புதுப்பேட்டை போயி பழைய இன்ஜின் ஒண்ண பிடிச்சிட்டு வந்து, செயின் பிளாக் (எடை தூக்கற சங்கிலி கப்பி) வாடகைக்கு எடுத்து வாசல்லயே மாத்திடுறாங்க. 796 சிசி இன்ஜின்தான், பெரிய எடை இல்ல, மாத்தலாம், தப்பில்ல. ஆனா மாத்தி முடிச்சி கொஞ்ச நாள்லயே வண்டி நின்ன இடத்துல கருப்பா ஆயில் சொட்டுதுன்னா அதுக்கு காரணம் பெரும்பாலும் இன்ஜின் இல்ல, ஆயில் சீல்ல பண்ண வேலைதான். ஆயில் சீல்ங்கறது சுத்துற ஷாப்ட் (தண்டு) வெளிய வர எடத்துல ஆயில் கசியாம தடுக்கற ரப்பர் வளையம், ஷாப்ட தொட்டுட்டு இருக்கற அதோட உள் விளிம்புதான் உதடு.

மொத தப்பு, மாத்தாம விடறது. "நல்லாத்தானே கீது நைனா, இன்னாத்துக்கு காசு"ன்னு கூட இருக்கறவங்க சொல்லுவாங்க. பாக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அந்த இன்ஜின் எத்தனை மாசம் கடை வாசல்ல வெயில்ல காஞ்சி கெடந்துச்சோ, ரப்பர் உதடு பிளாஸ்டிக் மாதிரி வெறைச்சிப் போயிருக்கும், ஓட ஆரம்பிச்சா தான் தெரியும். சீல் விலை கம்மி, ஆனா பின்பக்க கிராங்க் (இன்ஜினோட முக்கிய தண்டு) சீல மாத்தணும்னா கியர்பாக்ஸ், கிளட்ச், பிளைவீல் எல்லாம் திரும்ப கழட்டணும். அதனால இன்ஜின் வெளிய இருக்கும்போதே முன் கிராங்க் சீல், கேம் (வால்வ தெறக்கற தண்டு) சீல், பின் கிராங்க் சீல் மூணும் மாத்திடுங்க. முன்னாடி ரெண்டுல எது ஒழுகினாலும் ஆயில் டைமிங் பெல்ட் (கிராங்க்கையும் கேமையும் இணைக்கற பெல்ட்) மேல போவும், பெல்ட் ஊறி சீக்கிரம் போயிடும்.

அடுத்தது வாங்கறதுல. பழைய சீல கையில பிடிச்சிட்டு போயி "இதே மாதிரி குடுப்பா"ன்னா கடைக்காரர் கண்ணளவுல ஒண்ண எடுத்து குடுப்பாரு. சீல் மேலயே நம்பர் இருக்கும், 35-52-7ன்னு இருந்தா உள் அளவு, வெளி அளவு, தடிமன், எல்லாம் மில்லிமீட்டர்ல. நம்பர் அழிஞ்சிருந்தா வெர்னியர (நுணுக்கமா அளக்கற கருவி) வச்சி ஷாப்ட அளங்க, சீலோட உதட்ட அளக்காதீங்க, உதடு எப்பவுமே ஷாப்ட விட கொஞ்சம் சின்னதாத்தான் இருக்கும், அந்த அளவ நம்பி வாங்கினா தப்பு சைஸ் வந்துடும். சில சீல்ல அம்புக்குறி போட்டிருக்கும், ஷாப்ட் சுத்துற திசை அதுதான், அத மாத்தி போட்டா உள்ள இழுக்க வேண்டிய ஆயில வெளிய தள்ளும். சாதா நைட்ரைல் ரப்பர் சுமார் 100 டிகிரி சூடு வரைக்கும் தாங்கும், வைட்டான்ங்கற ரப்பர் 200 வரைக்கும் போவும், அதனால கிராங்க்குக்கு வைட்டான் கெடைச்சா எடுங்க. பிரவுன் கலரா இருந்தாலே வைட்டான்னு நம்பி எடுக்காதீங்க, கலர யாரு வேணா போடலாம்.

பெரிய தப்பு கழட்டறப்பதான் நடக்குது. ஸ்க்ரூடிரைவர உள்ள விட்டு நெம்பினா முனை ஷாப்ட கீறிடும், அந்த கீறல் வழியா எவ்ளோ புது சீல் போட்டாலும் ஆயில் வரும். சீலோட தகட்டுல சின்னதா ஓட்டை போட்டு ஒரு ஸ்க்ரூவ முறுக்கி பிளேயர்ல இழுங்க, டிரில் பிட் உள்ள ஆழமா போவாம பாத்துக்குங்க. கழட்டினதும் ஷாப்ட்ல சீல் ஓடின இடத்துல நகத்த வச்சி தேய்ச்சிப் பாருங்க, நகம் மாட்டுச்சின்னா பள்ளம் விழுந்திருக்கு. அப்போ புது சீல ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி உக்கார வைங்க, உதடு புது இடத்துல ஓடும், ஆனா ஆயில் திரும்பிப் போற ஓட்டைய மறைக்கக் கூடாது. பள்ளம் ரொம்ப ஆழம்னா மெல்லிசா ஸ்டீல் ஸ்லீவ் (உறை) போடலாம், இல்ல லேத்துக்கு எடுத்துட்டு போங்க. எமரி பேப்பர (உப்புத்தாள்) ஷாப்ட் நீளத்துக்கு இழுத்து தேய்க்கறத மட்டும் பண்ணாதீங்க.

போடறப்ப உதட்ட சுத்தி ஸ்பிரிங் இருக்கற பக்கம் ஆயில் பக்கம் பாக்கணும். ரப்பர் சீல்னா உதட்டுல ஆயில் தடவுங்க, காஞ்சி போட்டா மொத ஸ்டார்ட்லயே உதடு கருகிடும். ஆனா டெஃப்லான் உதடு வச்ச சீல் சில புது இன்ஜின்ல வருது, அத ஆயில் இல்லாம காஞ்சித்தான் போடணும், ரெண்டையும் குழப்பிக்காதீங்க. சுத்தியால நேரா அடிக்காம, சீலோட வெளி ஓரத்துக்கு சரியா வர பிவிசி பைப்பு துண்டு வச்சி சுத்தி சுத்தி மெதுவா தட்டுங்க. கோணலா எறங்குச்சின்னா ஸ்பிரிங் தெறிச்சி உள்ள விழும், அது யாருக்கும் தெரியாது. அப்புறம், ஆடி மாசக் காத்துல பாலாத்து மணல் பறக்கறப்ப தெறந்த வாசல்ல இந்த வேலைய வைக்காதீங்க. ஒரு தார்ப்பாயாவது கட்டுங்க, உதட்டுல மணல் ஒட்டினா அதுவே ஷாப்ட தேய்க்கும்.

பின் சீல் உக்காந்திருக்கற ஹவுசிங்க முழுசா கழட்டினா அடியில சம்ப் (ஆயில் தேங்கற தொட்டி) ஜாயிண்ட்டும் அசைஞ்சிடும், அத மறந்துட்டு திரும்ப முடுக்கினா அந்த மூலையில ஒழுகும். அதுக்காக அனபாண்ட (ஜாயிண்ட் அடைக்கற பேஸ்ட்) அள்ளிப் பூசினா உள்ள பிதுங்கற துண்டு உடைஞ்சி ஸ்ட்ரெய்னர்ல (ஆயில் உறிஞ்சற எடத்து வலை) போயி அடைச்சிக்கும், அப்புறம் ஆயில் பிரஷர் எங்கேருந்து வரும், பேரிங் போயிடும். மெல்லிசா ஒரு கோடு போதும்.

கியர்பாக்ஸ்ல இன்புட் ஷாப்ட் (இன்ஜின் பக்கம் சேர்ற தண்டு) சீல இப்பவே மாத்துங்க. திரும்ப மாட்டறப்ப கியர்பாக்ஸ் எடை முழுக்க ஷாப்ட் முனையில தொங்கற மாதிரி விடாதீங்க, ஜாக்கிய கீழ குடுங்க, இல்லன்னா கிளட்ச் பிளேட் வளைஞ்சி போறதோட சீலும் நசுங்கும். புரொப்பல்லர் ஷாப்ட (பின் சக்கரத்துக்கு சுத்தல கொண்டு போற தண்டு) உருவினா பின்னாடி கியர் ஆயில் கொட்டும், டப்பா ரெடியா வைங்க, அந்த பின் சீலயும் அப்பவே மாத்திடலாம்.

எல்லாம் சரியா போட்டும் ஒழுகுதா? பிரீதர் ஓஸ் (இன்ஜின் உள்காத்து வெளிய போற குழாய்) அடைச்சிருக்கான்னு பாருங்க. உள்ள பிரஷர் போவ வழி இல்லன்னா அது சீல் வழியாத்தான் வெளிய வரும், கியர்பாக்ஸ் பிரீதரும் அப்படித்தான். இன்ஜின் ஓடறப்ப ஆயில் மூடிய தெறந்தா பொக பொகன்னு பொகை அடிச்சா பிஸ்டன் ரிங் தேய்ஞ்ச இன்ஜின் வாங்கிட்டு வந்திருக்கீங்க, அதுக்கு சீல் வைத்தியம் கெடையாது.

இன்னொண்ணு, இன்ஜின் நம்பர் மாறுது இல்ல, ஆர்சி புக்லயும் மாத்தணும். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுல வருது. பில்ல பத்திரமா வைங்க, ஆர்டிஓ ஆபீஸ்ல கேப்பாங்க.

கடைசியா, பெல் ஹவுசிங் (இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற எடத்துல கிளட்ச மூடற கூடு) அடியில ஆயில் பாத்ததும் பின் சீல் போச்சுன்னு இன்ஜின எறக்கிடாதீங்க. விரல்ல தொட்டு மோந்து பாருங்க, கந்தக வாடை அடிச்சா கியர் ஆயில், அது இன்புட் சீல். இன்ஜின் ஆயில்னா சுத்தமா தொடச்சி, கொஞ்சம் முகப்பவுடர் தூவி, கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து மேலேருந்து கீழ பாருங்க. கார்ப்பரேட்டர் ஆம்னில ஹெட்டோட பின் பக்கம் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கற இடத்துலயோ டேப்பட் கவர் (இன்ஜின் மேல் மூடி) பேக்கிங்லயோ கசிஞ்சி இறங்கற ஆயில் நேரா பெல் ஹவுசிங் மேல வழிஞ்சி அதே இடத்துலதான் சொட்டும். அத இன்ஜின் வண்டியில இருக்கும்போதே மாத்திடலாம்.