பாட்டு ஆப்பில் எஃப்எம் கேட்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

எங்கள் சித்தப்பா போன வருடம் ஒரு பாட்டு ஆப்புக்கு வருடச் சந்தா கட்டினார். அவருக்குப் பாட்டு பெரிய விஷயமில்லை. தினமும் அந்த ஆப்பில்தான் எஃப்எம் கேட்பார். நடுநடுவே வரும் நகைக்கடை விளம்பரம் தாங்க முடியவில்லை. "காசு கட்டினா விளம்பரம் வராதாமே" என்று யாரோ சொல்ல, கட்டிவிட்டார். மறுநாள் காலை அதே நகைக்கடை, அதே செய்கூலி, அதே சேதாரம். ஏமாற்றிவிட்டார்கள் என்று போனை என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார்.

யாரும் ஏமாற்றவில்லை. பாட்டு என்றால் ஆப் தன் கிடங்கிலிருந்து எடுத்துத் தருகிறது. அங்கே விளம்பரத்தைச் செருகுவதும் அதுதான், சந்தா கட்டினால் நிறுத்துவதும் அதுதான். வானொலி அப்படி இல்லை. நிலையத்தில் அறிவிப்பாளர் பேசுவது, பாட்டு, விளம்பரம் எல்லாம் ஒரே ஓட்டமாகக் கிளம்பி இணையம் வழியாக வருகிறது. ஆப் அந்த ஓட்டத்துக்கு ஒரு குழாய், அவ்வளவுதான். நேரலை வானொலி கேட்பதில் நாம் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல், குழாயைக் கிடங்கு என்று நினைப்பதால் வருபவை.

ஐபோனில் இருக்கும் ஆப்பிள் மியூசிக்கையே எடுத்துக்கொள்வோம். 2019-இல் ஐஓஎஸ் 13 வந்தபோது டியூன்இன், ஐஹார்ட்ரேடியோ போன்ற திரட்டிகள் (பல நிலையங்களை ஒரே இடத்தில் சேர்த்துத் தரும் சேவைகள்) வழியாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நேரலை நிலையங்களைக் கேட்கலாம் என்று ஆப்பிள் அறிவித்தது. இந்த நிலையங்களைக் கேட்கச் சந்தாவே தேவையில்லை. இது தெரியாமல் வானொலிக்காக மட்டும் மாதாமாதம் பணம் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். அங்கே தேடிப் பாருங்கள், உங்கள் நிலையம் கிடைத்தால் சும்மாவே கேட்கலாம். ஆனால் எல்லா நாட்டிலும் இந்த வசதி கிடையாது, எல்லா நிலையமும் எல்லா நாட்டிலும் வராது.

அடுத்து, 'ரேடியோ' என்ற சொல்லை நம்பி ஏமாறுவது. இந்த ஒரு ஆப்புக்குள்ளேயே அந்தச் சொல் மூன்று விதமாகப் புழங்குகிறது. ஆப்பிளே நடத்தும் நேரலை நிலையங்கள் ஒன்று. 2015 ஜூன் 30 அன்று பீட்ஸ் 1 என்று தொடங்கி, 2020-இல் ஆப்பிள் மியூசிக் 1 என்று பெயர் மாறியது அந்த வகை. ஒரு பாட்டையோ பாடகரையோ வைத்துக் கணினி தானாகக் கோத்துத் தரும் பட்டியல் இரண்டாவது. மூன்றாவதுதான் நாம் தேடும் அசல் ஒலிபரப்பு. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டுக்குப் பக்கத்தில் ரேடியோ என்று இருந்தால் அது இரண்டாவது ரகம். அதைப் போட்டுவிட்டு "ஏன் ஆர்ஜே பேசவே மாட்டேங்கிறார்" என்று காத்திருந்தால் விடிந்துவிடும். கண்டுபிடிக்க எளிய வழி, அடுத்த பாட்டுக்குத் தாவ முடிகிறதா என்று பார்ப்பது. தாவ முடிந்தால் அது நேரலை இல்லை.

தேடும்போது நடக்கும் குழப்பம் தனிக் கதை. பழக்கதோஷத்தில் பலரும் அலைவரிசை எண்ணைத் தட்டுகிறார்கள். 93.5 என்று அடித்தால் உங்களுக்குச் சென்னைச் சூரியன் வேண்டும். ஆப்புக்கு அது எப்படித் தெரியும்? கோவை, மதுரை, திருச்சியிலும் சூரியனுக்கு 93.5 தான். மும்பையிலும் டெல்லியிலும் அதே எண்ணில் ரெட் எஃப்எம். மிர்ச்சியும் சென்னை, கோவை, மதுரை மூன்றிலும் 98.3. காற்றில் எண் குழம்பாததற்குக் காரணம், ஒரு ஊர் டிரான்ஸ்மிட்டரின் அலை அடுத்த ஊர் டிரான்ஸ்மிட்டர் வரை எட்டாது. இணையத்தில் அந்தத் தூரமே இல்லை.

சரி, பெயரைப் போட்டுத் தேடலாம் என்றால் அதிலும் சிக்கல். தமிழ்நாட்டில் ஒரு சூரியன் எஃப்எம், இலங்கையில் இன்னொரு சூரியன் எஃப்எம். இரண்டும் தமிழ், இரண்டும் பிரபலம், ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லை. ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து முன்பின்னாகப் போனால் தூத்துக்குடிக்காரர் கொழும்புப் போக்குவரத்து நெரிசலைக் கேட்டுக்கொண்டிருப்பார். (கேட்கட்டும், நல்ல தமிழ்தான்.) ஆகவே பெயரோடு ஊரையும் சேர்த்துத் தேடுங்கள். ஐபோனின் குரல் உதவியாளரான சிரியிடம் வாயால் கேட்டாலும் அப்படியே. நிலையம் கிடைத்ததும் ஐந்து நிமிடம் கேளுங்கள். விளம்பரத்தில் எந்த ஊர்க் கடை வருகிறது என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். இதற்கு மட்டும் நகைக்கடை விளம்பரம் உதவும்.

எல்லா நிலையமும் ஒரே ஆப்பில் இருக்கும் என்று எதிர்பார்ப்பதும் வீண். ஆகாசவாணி கேட்க நியூஸ் ஆன் ஏர் ஆப்தான் நேர்வழி. இருநூறுக்கும் மேற்பட்ட சேவைகள் அதில் நேரலையாக வருகின்றன. 720 கிலோஹெர்ட்ஸ் சென்னை, 100.5 கொடைக்கானல் என்று எண்ணோடு நினைவு வைத்திருப்பவர்கள் அங்கே பெயர் பார்த்துத் தேட வேண்டும். செய்தி வேண்டும் என்பவர்களுக்கும் அதுவே இடம். நம் நாட்டில் தனியார் எஃப்எம் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. சிங்கப்பூரின் ஒலி 96.8 வேண்டுமென்றால் அதை நடத்தும் மீடியாகார்ப்பின் மீலிசன் ஆப் இருக்கிறது.

இனி நேரம். இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். எஃப்எம் பெட்டியையும் போனையும் பக்கத்தில் வைத்து ஒரே நிலையத்தைப் போட்டுப் பாருங்கள். பெட்டியில் விளம்பரம் முடிந்து பாட்டு ஆரம்பித்திருக்கும், போனில் இன்னும் விளம்பரம் ஓடும். அரை நிமிட இடைவெளி சாதாரணம். நிலையத்தில் கிளம்பும் ஒலியை முதலில் சுருக்க வேண்டும். பிறகு சில விநாடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறார்கள். இணையம் நடுவில் தடுமாறினாலும் ஓசை அறுந்துவிடக் கூடாது என்று உங்கள் போன் இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகே பாடத் தொடங்கும். துண்டு ஆறு விநாடி என்றால் மூன்று துண்டுக்குப் பதினெட்டு விநாடி அங்கேயே போய்விடுகிறது. நேரலை என்ற சொல்லுக்கு இங்கே 'கொஞ்ச நேரம் முன்பு' என்றுதான் பொருள்.

பாட்டு கேட்பவருக்கு இதனால் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் கைக்கடிகாரத்தை ரேடியோ பார்த்துத் திருத்துபவர் தவறான நேரத்தை வைத்துக்கொள்வார். கிரிக்கெட் வர்ணனையில் பந்துவீச்சாளர் ஓடி வரும்போதே எதிர்வீட்டில் "அவுட்" என்று கத்துவது கேட்கும். "முதலில் அழைக்கும் நேயருக்குப் பரிசு" என்றதும் போனில் கேட்டுவிட்டு எண்ணைச் சுழற்றினால், பரிசு அதற்குள் பெட்டி வைத்திருந்தவர் வீட்டுக்குப் போயிருக்கும். தப்பித்தவறி லைன் கிடைத்துவிட்டால் ஆப்பை நிறுத்திவிடுங்கள். முப்பது விநாடிக்கு முன் நீங்கள் பேசியது உங்கள் காதிலேயே விழுந்தால் நாக்கு குழறும்.

டேட்டா பற்றிய பயம் கொஞ்சம் மிகை. விநாடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் வரும் ஓட்டம் மணிக்குச் சுமார் 58 எம்பி தின்னும், 64 கிலோபிட் என்றால் அதில் பாதி. தினம் 1.5 ஜிபி கிடைக்கும் பேக்கில் நான்கைந்து மணி நேரம் கேட்டாலும் பெரிய அடி இல்லை. கேட்டுக்கொண்டே தூங்கிப்போவதுதான் தவறு. ஸ்லீப் டைமர் வைக்கப் பழகுங்கள். ஆப்பில் ஒலித்தரத்தை உச்சத்துக்கு ஏற்றி வைப்பதும் வீண் வேலை. நிலையம் அனுப்பும் தரம்தான் வரும்.

பாட்டு பிடித்துவிட்டால் பலர் டவுன்லோடு பொத்தானைத் தேடுகிறார்கள். நேரலையில் அது கிடையாது. ஐபோனில் இசையை அடையாளம் காணும் ஷாஸம் வசதி, அதே போனில் ஓடும் பாட்டையும் கண்டுபிடிக்கும், காதில் ஹெட்போன் இருந்தாலும் சரி. பெயர் தெரிந்தபின் கிடங்கில் எடுத்துக்கொள்ளலாம்.

வெளிநாடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே கேட்ட நிலையம் அங்கேயும் வரும் என்று நம்பிப் போகாதீர்கள். பாட்டுக்கான உரிமை நாட்டுக்கு நாடு வேறு. லண்டன் உயர்நீதிமன்றத்தில் வார்னர், சோனி நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் 2019-இல் வந்த தீர்ப்புக்குப் பிறகு, டியூன்இன் பிரிட்டனில் வெளிநாட்டு நிலையங்களை 2020-இல் முடக்கியது. அதை நம்பி ஊர் எஃப்எம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. நிலையத்தின் சொந்த இணையதள முகவரியைக் குறித்து வைத்திருப்பது நல்லது, அது பல சமயம் கைகொடுக்கும்.

கடைசியாக, போனில்தான் ரேடியோ இருக்கிறதே என்று வீட்டுப் பெட்டியைக் காயலான் கடைக்குப் போடுவது. ஆப்பில் வரும் எஃப்எம்மும் காற்றில் வரும் எஃப்எம்மும் வேறு வேறு பாதை. மலைப்பாதையில் சிக்னல் மங்கினால் பெட்டி இரைந்துகொண்டாவது பேசும், ஆப் வட்டம் சுற்றிக்கொண்டு வாயை மூடிக்கொள்ளும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மின்சாரம் போய், பல இடங்களில் செல்போன் சிக்னலும் போனது. அந்த மாதிரி நாளில் ஆப் வெறும் படம். ஐபோன் 7, 8 ஆகியவற்றில் காற்றில் வரும் அலையைப் பிடிக்கும் எஃப்எம் சிப்பே இல்லை என்று ஆப்பிளே 2017-இல் சொல்லியிருக்கிறது. எஃப்எம் உள்ள ஆண்ட்ராய்டு போன் என்றாலும் பெரும்பாலும் வயர் இயர்போன் செருக வேண்டும், அந்த வயர்தான் ஆன்டெனா. புளூடூத் மட்டும் வைத்திருப்பவர்கள் ஒரு பழைய வயர் இயர்போனை மேஜை டிராயரில் போட்டு வையுங்கள். சித்தப்பா பெட்டியையே வைத்திருக்கிறார். ஐப்பசி பிறந்ததும் அதன் செல்லை மாற்றிவிடுவார், சந்தாவை மட்டும் இந்த முறை புதுப்பிக்கவில்லை.