ஐசி50-ஐத் துரத்தாதீர்கள்: மருந்து வேதியியலுக்குப் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகள்

மருந்து வேதியியலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கரிமத் தொகுப்பில் கைதேர்ந்தவர்கள். வினையை ஓட்டவோ, குரோமட்டோகிராஃபி காலம் (column) போட்டுச் சேர்மத்தைப் பிரிக்கவோ அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். எதைத் தயாரிப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

கொழுப்பைக் கூட்டி வீரியம் வாங்குவது

பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் தரும் தவறு இது. கொழுப்பு என்று நான் சொல்வது, மூலக்கூறு நீரைவிடக் கொழுப்பில் அதிகம் கரையும் தன்மையை. புரதத்தின் பிணைப்புக் குழியில் பெரும்பகுதி நீரை ஒதுக்கும் பரப்பு. அங்கே மெத்தில், குளோரின், பினைல் என்று எதை ஒட்டினாலும் பல நேரம் ஐசி50 இறங்கும், அதாவது புரதத்தின் செயலைப் பாதியாகக் குறைக்கக் குறைந்த செறிவே போதும், வீரியம் கூடும். அதை நல்ல வடிவமைப்பின் பலன் என்று நம்பி, அடுத்த சேர்மங்களையெல்லாம் அதன் மேலேயே கட்டுகிறார்கள். விலை பின்னால் வருகிறது: கரைதிறன் விழும், கல்லீரலின் சைட்டோகுரோம் பி450 நொதிகள் வேகமாகச் சிதைக்கும், மருந்தின் பெரும்பகுதி பிளாஸ்மாப் புரதங்களில் ஒட்டிக்கொள்ளும். கூடவே கார அமீனும் இருந்தால், இதயத்தின் ஹெர்க் பொட்டாசியம் கால்வாய் அடைபடும் அபாயம் உண்டு.

ஒவ்வாமை மருந்தான டெர்ஃபினடின் இதயத் துடிப்பைக் குலைத்ததால் 1998-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலகியது. அதன் டெர்ட்-பியூட்டில் முனையில் ஒரு மெத்தில், உடலுக்குள் கார்பாக்சிலிக் அமிலமாகிறது. அப்படிக் கிடைக்கும் ஃபெக்சோஃபினடின் அதே ஒவ்வாமையைத் தணிக்கிறது, அந்த இதயக் கோளாறு இல்லாமல். கொழுப்பு முனை ஒன்று மாறியதால் வந்த வேறுபாடு அது.

தப்பிக்க ஒரு கழித்தல் கணக்கு போதும். பிஐசி50 (மோலாரில் ஐசி50-இன் எதிர்ம மடக்கை; கூடினால் வீரியம் அதிகம்) இலிருந்து லாக்டி-யை (குறிப்பிட்ட பிஎச்-இல் சேர்மம் நீரைவிடக் கொழுப்புபோன்ற கரைப்பானில் எவ்வளவு அதிகம் தங்குகிறது என்பதன் மடக்கை) கழியுங்கள், அதுதான் லிப்-ஈ, கொழுப்பை நம்பாமல் கிடைத்த வீரியத்தின் அளவு. முதல் சேர்மம் 100 நானோமோலார், அதாவது பிஐசி50 7, லாக்டி 2, மிச்சம் 5. அடுத்தது 10 நானோமோலார், பிஐசி50 8, லாக்டி 4, மிச்சம் 4. பத்து மடங்கு வீரியம் கூடியதாகத் தெரிகிறது, ஆனால் சேர்மம் பின்னுக்குப் போயிருக்கிறது. லிப்-ஈ 5-க்கு மேல் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். தரவுத்தாளில் ஐசி50-க்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். ஒரே தொடருக்குள் ஒப்பிட, கணித்த லாக்டி-யே போதும். முக்கியமான சேர்மங்களுக்கு மட்டும் பிஎச் 7.4-இல் அளந்துவிடுங்கள்.

கொழுப்பைக் குறைக்க முதலில் பார்க்க வேண்டியது பினைல் வளையத்தை. பென்சீனின் லாக்பி (மின்னூட்டமற்ற வடிவத்துக்கான அதே அளவு) 2.13, பிரிடினுடையது 0.65. வளையத்தின் 2, 3, 4 ஆகிய இடங்களில் நைட்ரஜனை ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். வீரியம் அப்படியே நின்றால் அந்த இடம் பெரிய லாபம்.

இரண்டு இடங்களை ஒரே நேரத்தில் மாற்றுவது

வீரியம் விழுந்தால் எதனால் என்று தெரியாது.

செய்ய எளிதானதையே செய்வது

அமைடும் சுசுகியும் (துண்டுகளை இணைக்கும் எளிய, வழக்கமான வினைகள்) மட்டுமே உள்ள பட்டியல், எந்தக் கேள்விக்கும் விடை தேடாத பட்டியல்.

டிஎம்எஸ்ஓ குப்பியை நம்புவது

சோதனைக்கான சேர்மங்களை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து வைப்பார்கள்; லேபிளில் 10 மில்லிமோலார் என்று இருக்கும். டிஎம்எஸ்ஓ காற்றின் ஈரத்தை உறிஞ்சும். உறைந்து உருகி உறைந்து, சேர்மம் அடியில் வெள்ளைப் படலமாகப் படிந்திருக்கலாம். மேலே உறிஞ்சி எடுத்த கரைசலில் லேபிள் சொல்லும் அளவில் பாதிகூட இல்லாமல் போகலாம். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஸ்கிரீனிங்கில் (பல சேர்மங்களை ஒருசேரச் சோதிப்பதில்) சிக்கிய சேர்மத்தைப் புதிதாகத் தொகுத்து, தூய்மையும் அமைப்பும் காட்டும் எல்சிஎம்எஸ், என்எம்ஆர் கருவிகள் இரண்டிலும் சரிபார்த்து, 95 சதவீதத் தூய்மைக்குக் கீழே இருந்தால் மறுபடி சுத்தம் செய்யுங்கள். பிறகு அஸ்ஸே (வீரியத்தை அளக்கும் சோதனை) இடையகத்தில் 0.01 சதவீதம் ட்ரைட்டான் எக்ஸ்-100 என்ற, திரள்களைக் கலைக்கும் சோப்புப் பொருளைச் சேர்த்து ஓட்டுங்கள். வீரியம் காணாமல் போனால் அங்கே புரதத்தைத் தடுத்தது பெரும்பாலும் மூலக்கூறு அல்ல, அதன் திரள்.