காய்கறிக் கூடைத் திட்டத்தில் சேருகிறீர்களா? மழை மாதத்தில் கழன்றுகொள்ளாதீர்கள்

ஆனி மாதம் பிறந்தால் எங்கள் குடியிருப்பில் புதிதாகச் சில வீடுகள் கூடைத் திட்டத்தில் சேரும். மதுராந்தகம் பக்கம் உள்ள ஓர் இயற்கைப் பண்ணைக்கு ஆடி முதல் மாசி வரையிலான பணத்தை முன்பே கட்டிவிட்டு, அங்கே விளைவதில் வாராவாரம் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. கூடைகள் வந்து இறங்குவது எங்கள் வீட்டு வாசலில். அதனால் புதியவர்களின் உற்சாகம், சந்தேகம், கோபம் எல்லாமே முதலில் என் காதில்தான் விழும். ஆரம்பத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளை யாராவது ஒருவர் வருடம் தவறாமல் செய்கிறார்.

பை கொண்டுவர மறப்பது, கீரையில் புழுவைப் பார்த்து அலறுவது இதெல்லாம் இரண்டாம் வாரத்தில் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முழுப் பங்கில் தொடங்குவது

மூன்று பேர் உள்ள வீட்டுக்கு அரைப் பங்கு போதும். கீரை காத்திருக்காது.

சான்றிதழை மட்டும் பார்ப்பது

இயற்கை விவசாயம்தான் என்ற சான்றிதழ் இருந்தால் நல்லதுதான். மாநில அரசின் விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை தருகிறது. உழவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் சரிபார்க்கும் பிஜிஎஸ் முறையும் இருக்கிறது. ஆனால் ரசாயனத்தை விட்ட மறுநாளே ஒரு நிலத்துக்கு அந்தப் பெயர் கிடைத்துவிடாது. துறைச் சான்றுக்கு, காய்கறி போன்ற ஒரு பருவப் பயிர் என்றால் விதைப்புக்கு முன் குறைந்தது 2 ஆண்டுகள், மா, தென்னை போன்றவற்றுக்கு அறுவடைக்கு முன் 3 ஆண்டுகள் மாற்றக் காலம் உண்டு. சான்றிதழ் இன்னும் வராத நல்ல பண்ணைகளும் இருக்கின்றன. எந்த வருடத்திலிருந்து உரம், மருந்து போடுவதில்லை என்று நேராகவே கேளுங்கள். ஒழுங்காகச் செய்பவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அதைவிடப் பயனுள்ள கேள்வி, கூடையில் வருவதெல்லாம் உங்கள் நிலத்தில் விளைந்ததா என்பது. செங்கல்பட்டுச் சமவெளியில் ஆடி வெயிலில் கேரட்டும் முட்டைக்கோசும் வராது. கூடையில் அவை இருந்தால் ஊட்டியிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ வந்திருக்கும். சொல்லிவிட்டுத் தந்தால் தப்பில்லை. சொல்லாமல் தந்தால் நீங்கள் பணம் கட்டியிருப்பது பண்ணைக்கு அல்ல, வாசலுக்கு வரும் இன்னொரு காய்கறிக் கடைக்கு.

மழை மாதத்தில் கணக்குப் பார்த்துக் கழன்றுகொள்வது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வரும்.

2021 நவம்பர். தீபாவளி முடிந்த அந்த வாரக் கடைசியில் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் பிடித்த மழை பலருக்கு நினைவிருக்கும். பண்ணையில் தண்ணீர் தேங்கி, தக்காளியும் கத்தரியும் வேரோடு அழுகின. கீரைப் பாத்தி இருந்த இடமே தெரியவில்லை. ஒரு வாரம் கூடை வரவில்லை. அடுத்து வந்ததில் சேனை, வாழைக்காய், வாழைத்தண்டு, இரண்டு பப்பாளி, அவ்வளவுதான். அதே நேரத்தில் கடையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியிருந்தது. ஒருவர் வாராவாரம் கூடையை எடை போட்டு, ஆன்லைன் விலையோடு ஒப்பிட்டு, எக்செல்லில் ஏற்றி வைத்திருந்தார். அதை வாட்ஸாப் குழுவில் போட்டார். "பணத்தைக் கட்டியாச்சு, காய் எங்கே சார்?" என்று என்னிடமே கேட்டார்கள், ஏதோ பாத்தியில் நான்தான் தண்ணீர் விட்ட மாதிரி.

அந்தப் பணம் ஏற்கெனவே காயாக மாறுகிற வழியில் இருந்தது என்பதை யாரும் யோசிக்கவில்லை. ஆனியில் நாம் கட்டுவது ஆடிப் பட்டத்துக்கு விதையாக, உழவுக் கூலியாக, சொட்டுநீர்க் குழாயாக, களையெடுக்கும் பெண்களின் சம்பளமாகப் போய்விடுகிறது. மிஞ்சுவதை மழை விட்டபிறகு மறுநடவு செய்வதற்கென்று வைத்திருப்பார்கள். இந்த ஏற்பாட்டின் அடிப்படையே அதுதான். ஜப்பானில் 1970களில் வீட்டுப் பெண்கள் உழவர்களோடு நேரடியாகப் பேசி வாங்கத் தொடங்கியதும் சரி, 1986-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் இரண்டு பண்ணைகள் உறுப்பினர்களைச் சேர்த்துக்கொண்டதும் சரி, விளைச்சலோடு நட்டத்தையும் சேர்த்துப் பகிர்ந்துகொள்வது என்ற பேச்சில்தான். வங்கிக் கடனுக்குப் பதிலாக உறுப்பினர் பணத்தில் பயிர் வைக்கிறார்கள். கடையில் கொடுத்துவைக்கும் அட்வான்ஸ் மாதிரி நினைத்துக்கொண்டால் கார்த்திகையில் கோபம்தான் வரும்.

சரி, கோபித்துக்கொண்டு சில வீடுகள் விலகின. பண்ணைக்காரர் மரியாதைக்காரர். மிச்ச வாரங்களுக்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கொடுத்தது மறுநடவுக்கென்று வைத்திருந்த பணம். விளைவு, நட வேண்டிய பரப்பில் ஏறக்குறைய பாதிதான் நட முடிந்தது. அதாவது போனவர்களின் அவசரத்துக்கு இருந்தவர்களின் கூடை இளைத்தது.

இதில் வேடிக்கை, போனவர்களுக்கும் அது நட்டக் கணக்குதான். வடகிழக்குப் பருவமழை விட்டதும் ஈரமும் பனியும் சேர்ந்து எங்கள் பக்கத்துக் காய்கறிக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. சிறுகீரை 25 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். முள்ளங்கிக்கு ஒன்றரை மாதம் போதும். மார்கழியில் அவரை காய்க்கத் தொடங்கினால் தை முழுக்கப் பறிக்க ஆள் போதாது. கார்த்திகைக் கடைசியில் நட்ட கத்தரியும் தக்காளியும் தை முடிவில் பறிப்புக்கு வந்து மாசியில் குவியும். மழை மாதத்தில் குறைந்ததெல்லாம் இந்த வாரங்களில்தான் ஈடாகும். ஆடியில் சேர்ந்து கார்த்திகையில் விலகுகிறவர் மெலிந்த பாதிக்கு முழுப் பணம் கொடுத்துவிட்டு, விளைகிற பாதியை அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்கிறார். எக்செல்காரரின் கணக்கு கார்த்திகையோடு நின்றுவிட்டதால் இது அதில் ஏறவே இல்லை.

தை மாதம் எங்கள் வாசலில் அவரைக்காயைக் கூடை தாண்டிக் குவித்து வைத்திருந்தபோது, விலகிய வீட்டுக்காரர் ஒருவர் நின்று, "எக்ஸ்ட்ரா இருந்தா சொல்லுங்க, கிலோ என்ன விலை?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். இருந்தது. கொடுக்க மனம் வரவில்லை.

கார்த்திகையில் உங்களுக்கும் கை குறுகுறுக்கும். வேண்டுமானால் கணக்கு எழுதுங்கள், ஆனால் கூட்டிப் பார்ப்பதை மாசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் சமைப்பவரைக் கேட்காமல் சேருவது

வாழைப்பூவை ஆய்வது யார் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

ஊருக்குப் போகும் வாரத்துக்கான பணத்தைக் கழிக்கச் சொல்வது

செடிக்கு நீங்கள் ஊரில் இல்லாதது தெரியாது. பக்கத்து வீட்டில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வாய்ப்பேச்சை நம்பிப் பணம் கட்டுவது

2021-க்குப் பிறகு எங்கள் பண்ணையில் ஒரு பக்கத்துக்கு விதிகளை எழுதி, பணம் வாங்குமுன் கையெழுத்து வாங்குகிறார்கள். மற்ற இடங்களில் கேட்டால்தான் கிடைக்கும். குறைந்தது நான்கு விஷயங்கள் அதில் இருக்க வேண்டும். மழையிலோ வெயிலிலோ கூடை நின்றால் அந்த வாரங்கள் கடைசியில் சேர்க்கப்படுமா, வரத்து அதிகமாகும்போது கூடுதல் காய் உறுப்பினர்களுக்குப் போகுமா, சந்தைக்குப் போகுமா, வெளியிலிருந்து வாங்கிச் சேர்த்தால் அதைத் தனியாகச் சொல்வார்களா, நடுவில் விலக வேண்டி வந்தால் என்ன வழி.

எங்களிடம் கடைசிக் கேள்விக்கான பதில் இப்போது தெளிவாக இருக்கிறது. பணம் திரும்பாது, பங்கை வேறொரு வீட்டுக்கு மாற்றிவிடலாம். காத்திருப்போர் பட்டியல் என்னிடம்தான் இருக்கிறது.