வீகன் பிள்ளைகளிடம் மாட்டுக்காரர்கள் சொதப்பும் இடங்கள்

காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் கொட்டாயில் நாலு கறவை மாடு. பெங்களூருக்கு வேலைக்குப் போன நம்ம ஊர்ப் பிள்ளைகளே இப்போது பால், தயிர், நெய் எதையும் தொடாத வீகனாகி, லீவுக்கு வந்து "மாட்டைக் கொடுமை பண்றீங்க" என்கிறார்கள். அதற்கு நாம் பதில் சொல்லும் லட்சணம் இருக்கிறதே!

"செடிக்கும் உயிர் இருக்குதே, கீரையை மட்டும் ஏன் திங்கற?" என்று ஆரம்பிக்காதீர்கள். மாடு தின்னும் தீவனமும் செடிதானே, அதுவும் மூட்டை மூட்டையாக, என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

அதைவிடப் பெரிய தப்பு, "எங்க மாடு மகாலட்சுமி, அதுக்கு ஒரு குறையும் இல்ல" என்பது. போன பொங்கலுக்கு நான் இப்படிச் சொல்லப்போய், சித்தப்பா மகள் "அப்போ போன வருஷம் பொறந்த காளைக்கன்னு எங்கண்ணா?" என்று கேட்டாள். வாயடைத்துப் போனேன். சினை ஊசியில், அதாவது செயற்கைக் கருவூட்டலில், பிறக்கும் கலப்பினக் காளைக்கன்று உழவுக்கும் ஆகாது வண்டிக்கும் ஆகாது, டிராக்டர் வந்தபின் நாட்டுக்காளைக்கே வேலையில்லை, அதனால் அதற்குப் பாலைக் குறைத்து, நாலு மாதத்தில் வியாபாரி கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டு, எங்கே போகிறது என்று கேட்காமல் இருப்போம். இதை மறைத்தால் நாம் சொல்லும் மற்ற உண்மையும் எடுபடாது. ஒத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கிடேரியே, அதாவது பெண் கன்றே, பிறக்கும்படி பாலினம் பிரித்த சினை ஊசி இருக்கிறது, கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் பாருங்கள். காளையோ கிடேரியோ, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க விடுங்கள்.

கன்றைப் பிறந்தவுடனே பிரிக்கும் வீடியோக்களில் நிறைய வெளிநாட்டுப் பெரிய பண்ணைகளில் எடுத்தவை. நம்மில் பலர் கன்றை ஊட்டவிட்டு, சுரப்பு விட்டபின் கறக்கிறவர்கள். தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அதைச் சொல்லும்போது பின்னால் ஒரு ஜெர்சி மாடு, தகரக் கூரைச் சூட்டில், வழுக்கும் சிமெண்ட் தரையில், தலையைத் திருப்பக்கூட முடியாத குட்டைக் கயிற்றில் நின்றால் யார் நம்புவார்கள்?

பால் இறங்க ஊசி போடும் ஆட்களுக்கு வக்காலத்து வாங்கவே வாங்காதீர்கள். மாட்டின் உடம்பைக் கெடுக்கும் அந்த வேலையை 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டமே குற்றம் என்கிறது. வண்டி விஷயமும் அப்படித்தான். ஒரு லாரியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று 1978ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தைக்குக் கால் கட்டிய ஆட்டை அடுக்கிக்கொண்டு போகிறவரை யாராவது படம் பிடித்தால், அப்புறம் பாரம்பரியம் பேசிப் பயனில்லை.

அப்புறம், யார் செல்லையும் பிடுங்காதீர்கள். பிடுங்குவதுதான் அன்றைக்கு வைரலாகும்.

தங்கச்சி போன மாதமும் வந்தாள். கயிறு நீளமாகியிருப்பதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. ராகித் தாளை உதறிப் போட்டுவிட்டு வந்து கேட்டாள், வரக்காப்பிதான்.