பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்: ஸ்பேனரைத் தொடும் முன்

எம்ஜிபி, ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், டிஆர்6, ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட் என்று எதை எடுத்தாலும் சரி, பானெட்டைத் திறந்து பார்ப்பவருக்கு முதலில் தோன்றுவது "இதை நாமே பார்த்துக்கொள்ளலாமே" என்பதுதான். சென்சார் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். வம்பே அங்கேதான் ஆரம்பம். இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் அதிகமான எம்ஜிபிகள் தயாராயின. இன்று மிச்சமிருப்பவற்றில் பல கை மாறாத வண்டி அபூர்வம். வைத்திருந்த ஒவ்வொருவரும் "நாமே பார்த்துக்கொள்ளலாமே" என்று நினைத்தவர்கள். ஒரு கோளாறைத் தோண்டிக்கொண்டே போனால், கடைசியில் 1965-இல் வடிவமைத்தவர் விட்ட பிழை பெரும்பாலும் கிடைக்காது. 1985-இல் யாரோ ஞாயிற்றுக்கிழமை அவசரத்தில் முறுக்கிவிட்டுப் போன வயர்தான் கிடைக்கும்.

ஆகவே புதிதாக வாங்கியவர் முதலில் செய்ய வேண்டியது, முன்னால் இருந்தவர் என்ன செய்துவைத்திருக்கிறார் என்று பார்ப்பது. அதைப் பார்க்காமல் பாகங்களை ஆர்டர் போடுவதுதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் தாய். கீழே வரும் உதாரணங்கள் பெரும்பாலும் எம்ஜிபியை வைத்துத்தான். அதிகம் கிடைப்பதும் அதிகம் கெடுக்கப்பட்டதும் அதுதான்.

எஞ்சின் சத்தத்தில் மயங்கி வாங்குவது

வாங்கப் போகிறவர் ஸ்டார்ட் செய்யச் சொல்லி, புகையைப் பார்த்து, ஆயில் பிரஷரைப் பார்த்துத் திருப்தி அடைகிறார். அந்த 1798 சிசி எஞ்சின்தான் இந்தக் காரிலேயே கவலைப்படத் தேவையில்லாத சாமான். பாகம் கிடைக்கும், பிரித்துக் கோர்க்கத் தெரிந்த ஆளும் கிடைப்பார். பணத்தை விழுங்குவது பாடி.

எம்ஜிபிக்குத் தனி சேஸி இல்லை, பாடியேதான் சேஸி. கதவுக்கு அடியில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதியைச் சில் என்பார்கள். கூரை இல்லாத ரோட்ஸ்டரில் வண்டி நடுவில் தொய்யாமல் இருப்பது பெரும்பாலும் அதன் பலத்தில்தான். பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள். உப்புத் தண்ணீர் சில்லுக்குள் புகுந்து உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயிண்ட் பளபளப்பாகவே இருக்கும்.

சோதிக்க ஒரு பழைய வழி உண்டு. சில்லுக்கு அடியில், கதவுக்கு நேராக, ஜாக்கி பொருத்தும் இடம் இருக்கிறது. சொந்தக்காரரையே அங்கே ஜாக்கி வைத்து மெல்லத் தூக்கச் சொல்லுங்கள். தூக்கத் தூக்கக் கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மாறினாலோ, கதவு சிக்கினாலோ, சில் போய்விட்டது என்று அர்த்தம். "அந்த இடத்தில் மட்டும் ஜாக்கி வேண்டாம்" என்று அவர் பதறினால் இன்னும் நல்லது, பதில் கிடைத்துவிட்டது.

ரிப்பேரிலும் இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, துருப்பிடித்த சில்லின் மேலேயே புதுத் தகட்டை மூடி வெல்ட் அடித்து, பட்டி பூசி, பெயிண்ட் அடிப்பது. விற்பதற்காகச் செய்யும் வேலை அது. உள்ளே துரு தன் பாட்டுக்குத் தின்றுகொண்டிருக்கும். இன்னொன்று நல்ல எண்ணத்தோடு செய்வது: பழைய சில்லை முழுதாக வெட்டி எடுத்துவிடுவார்கள், ஆனால் அதற்கு முன் கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்துப் பாடியைக் கட்டியிருக்க மாட்டார்கள். வெட்டியதும் வண்டி நடுவில் சில மில்லிமீட்டர் இறங்கும். அந்த நிலையில் புதுச் சில்லை வெல்ட் செய்துவிட்டால் கதவு இந்த ஜென்மத்தில் ஒழுங்காக மூடாது. ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் வெட்ட வேண்டும். கதவை மாட்டி இடைவெளி பார்த்த பிறகே முழு வெல்டிங்.

கார்புரேட்டர் மேல் பழி போடுவது

வண்டி தடுமாறினால் உடனே கை போகும் இடம் எஸ்யூ கார்புரேட்டர். இரண்டு இருக்கின்றன, திருகுவதற்கு நட்டும் இருக்கிறது, பிறகென்ன! கார்புரேட்டரை எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் தொட வேண்டும். முதலில் வால்வு இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.38 மி.மீ. பிறகு ஸ்பார்க் பிளக். பிறகு ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில், மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயின்ட் என்ற சுவிட்சின் இடைவெளி, 0.35 முதல் 0.40 மி.மீ. அதற்குப் பிறகுதான் இக்னிஷன் டைமிங். பாயின்ட் இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் நகர்ந்துவிடும் என்பதால் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தால் அரைநாள் வீண். கார்புரேட்டர் கோளாறு என்று வரும் வண்டிகளில் கண்டென்சரை மாற்றியதும் சரியாகிப் போகிறவை நிறைய.

எல்லாம் சரியாக இருந்தும் தடுமாறினால் எஸ்யூவைத் தொடலாம். மேலே இருக்கும் சிறிய கறுப்பு மூடியைக் கழற்றி டாம்பர் ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். அது வற்றியிருந்தால் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வண்டி ஒரு கணம் மூச்சுத் திணறும். அதைப் பெட்ரோல்-காற்றுக் கலவைக் கோளாறு என்று நினைத்து நட்டைத் திருகுகிறார்கள். ஊற்ற வேண்டியது எஞ்சின் ஆயில், அதுவும் கொஞ்சம்தான்.

பிறகு இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்று இழுக்கும்படி சமன் செய்ய வேண்டும். கலவை அதற்கு அப்புறம். எஞ்சின் சூடாக, ஐடிலில் ஓடும்போது ஒரு கார்புரேட்டரின் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மெல்ல உயர்த்திப் பாருங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் படுத்தால் பெட்ரோல் குறைவு. ஒரு கணம் லேசாகக் கூடிப் பழைய நிலைக்குத் திரும்பினால் சரி. ஜெட்டின் கீழே உள்ள ஆறுபட்டை நட்டைக் கீழே இறக்கினால் பெட்ரோல் கூடும், மேலே ஏற்றினால் குறையும். ஒரு தடவைக்கு ஒரு பட்டைதான், அதற்கு மேல் வேண்டாம்.

இரண்டையும் சேர்த்துக் கழற்றிக் கழுவுபவர்கள் கவனிக்க: மேல்மூடியும் அதன் பிஸ்டனும் ஜோடியாக அளவு பார்த்துச் செய்தவை. ஒன்றின் பிஸ்டனை மற்றதில் போடக்கூடாது. உள்சுவரை உப்புத்தாள் வைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவது அதைவிட மோசம்.

லூகாஸைத் திட்டுவது

பிரிட்டிஷ்காரர்கள் ஏன் பியரைக் குளிர வைக்காமல் குடிக்கிறார்கள்? ஃப்ரிட்ஜ் லூகாஸ் தயாரிப்பு, இந்தக் கார்களின் மின்சாதனங்களைச் செய்த அதே நிறுவனம். இந்த ஜோக்கைச் சொல்லாத பழைய கார்க்காரர் கிடையாது. ஆனால் மங்கலாக எரியும் விளக்குக்கு லூகாஸைவிட எர்த்தான், அதாவது பாடி வழியாக மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்புதான், அதிகம் காரணம். வயரின் நுனியில் உள்ள குண்டு கனெக்டர்கள் ஐம்பது வருஷத்தில் பச்சை பூத்திருக்கும். பல்பை மாற்றி, சுவிட்சை மாற்றி, கடைசியில் வயரிங் முழுவதையும் மாற்றத் துணிகிறார்கள். அதற்கு முன் விளக்கைப் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை விளக்கின் எர்த்திலும் மறுமுனையை பேட்டரியின் எர்த் முனையிலும் வையுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டினாலே அந்த எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் மற்ற பேச்சு.

எம்ஜிபியில் 1967 வரை பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருந்தது. ரேடியோவோ ஆல்டர்னேட்டரோ மாட்டுபவர் வழக்கம்போல் நெகட்டிவ் என்று நினைத்து இணைத்தால் ஒரு நொடியில் போச்சு. தயாரித்த ஆண்டை மட்டும் வைத்து முடிவு செய்யவும் முடியாது. நடுவில் யாராவது மாற்றியிருப்பார்கள். சீட்டுக்குப் பின்னால் பேட்டரி மூடியைத் திறந்து கண்ணால் பார்ப்பதுதான் வழி. அங்கே 12 வோல்ட் பேட்டரிக்குப் பதில் 6 வோல்ட் பேட்டரி இரண்டு இருந்தால் திகைக்க வேண்டாம், பல ஆண்டுகள் அப்படித்தான் வந்தது.

வயர் நிறங்களுக்கு ஒழுங்கு உண்டு. பழுப்பு என்றால் ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை, சாவி போட்டால் உயிர் பெறுவது. பச்சை, அதே ஓட்டம் ஃபியூஸ் வழியாக. கறுப்பு எர்த். இந்த ஒழுங்கில் சேராத புது வயரும், வயரைக் கடித்துப் பிடிக்கும் நீல பிளாஸ்டிக் கிளிப்பும் டேஷ்போர்டுக்கு அடியில் தெரிந்தால் அங்கிருந்தே தேடத் தொடங்குங்கள். ஆரம்பகால எம்ஜிபியில் இருப்பதே இரண்டு ஃபியூஸ்; ஹெட்லைட் அந்த இரண்டிலும் சேராது. பழுப்பு வயர் பாடியில் உரசினால் ஃபியூஸ் காப்பாற்றாது, தீதான். பேட்டரியைக் கழற்றாமல் டேஷ்போர்டுக்கு அடியில் கை விடக்கூடாது.

கியர்பாக்ஸ்தானே என்று கியர் ஆயில் ஊற்றுவது

கேட்க நியாயமாக இருக்கும் தவறு இது. எம்ஜிபியின் கியர்பாக்ஸுக்கும் அதோடு சேர்ந்த ஓவர்டிரைவ் என்ற கூடுதல் உயர்கியருக்கும் எஞ்சின் ஆயில்தான், 20டபிள்யூ-50. பின் ஆக்ஸிலுக்குத்தான் 90 கிரேடு கியர் ஆயில். ஸ்பிட்ஃபயரில் கியர்பாக்ஸுக்கே 90 கிரேடு, ஆனால் ஜிஎல்-4 வகை. ஜிஎல்-5 என்று எழுதிய டப்பா எண்ணில் பெரியது, ஆகவே உயர்ந்தது என்று நினைத்து வாங்குவார்கள். அதிலுள்ள கந்தகச் சேர்மானங்கள் உள்ளே இருக்கும் பித்தளை, வெண்கல பாகங்களைத் தின்றுவிடக்கூடும்.

ஸ்பிட்ஃபயரின் முன்சக்கரத்தில் இன்னொரு இடம் இருக்கிறது, உயிர் போகும் இடம். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ்நுனி மரையாக முடிந்து, ட்ரன்னியன் என்ற பித்தளைக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த மரையில்தான் சுழலும். ஹேண்ட்புக் அங்கே ஆயில் அடிக்கச் சொல்கிறது. கிரீஸ் நிப்பிள் வடிவத்தில் ஒன்று இருப்பதால் கிரீஸை அடிக்கிறார்கள். கிரீஸ் காலப்போக்கில் இறுகி மரையின் அடிவரை போகாது, தண்ணீர் தேங்கும், தண்டு துருப்பிடிக்கும். ஒருநாள் முழுக்கத் திருப்பும்போது தண்டு ஒடிந்து சக்கரம் மடங்கும். சென்னைக்கு அருகே வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருக்கும் நம்மூர்க்காரர்களுக்கும் இது பொருந்தும். அது ட்ரையம்ஃப் ஹெரால்டுதான், ஸ்பிட்ஃபயர் பிறந்ததும் அந்த ஹெரால்டின் சஸ்பென்ஷனிலிருந்துதான்.

எஞ்சின் ஆயிலில் விலை உயர்ந்த மெல்லிய சிந்தெட்டிக் வேண்டாம். இந்த எஞ்சின்களில் கேம்ஷாஃப்டின் மேடு டாப்பெட்டின் மேல் நேராக உரசும். அந்த உரசலைத் தாங்கத் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஆயில் வேண்டும். இன்றைய கார்களின் ஆயிலில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்ற அதைக் குறைத்துவிட்டார்கள்.

பிரேக், சக்கரம், ஸ்பேனர்

பிரேக் ஆயில் டாட் 4 என்றால் டாட் 4 மட்டுமே. டாட் 5 சிலிகான், இதோடு சேராது. டாட் 5.1 சிலிகான் அல்ல, டாட் 4 குடும்பம். பெயரை வைத்துக் குழம்புகிறவர்கள் பலர். பெடலை விட்ட பிறகும் ஒரு சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டே இருந்தால் காலிப்பரைப் பிரிக்கும் முன் ரப்பர் ஹோஸை மாற்றுங்கள். வெளியே நன்றாக இருக்கும் ஹோஸ் உள்ளே ஊதி, ஆயிலைப் போகவிட்டுத் திரும்பவிடாது.

ஸ்போக் வீலில் நடு நட்டு இடப்பக்கம் வழக்கமான மரை, வலப்பக்கம் எதிர்மரை. ஆக்ஸிலைப் பிரித்துக் கோர்த்தவர் ஹப்பைப் பக்கம் மாற்றிப் போட்டால் ஓட ஓட நட்டு தானே கழன்றுவிடும். அந்த நட்டை அடிக்கச் செம்பு அல்லது ஈயத் தலைச் சுத்தியல்தான். ஸ்போக் துளைகள் வழியாகக் காற்றுப் போகும் என்பதால் டியூப் கட்டாயம்.

ஸ்பேனர் பற்றி ஒரே ஒரு விஷயம். எம்ஜிபியில் பெரும்பாலும் அங்குல அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனர் "கிட்டத்தட்ட" பொருந்தும். அந்தக் கிட்டத்தட்டதான் போல்ட் தலையை உருண்டையாக்கும். அதற்கும் முந்தைய எம்ஜி டிசி வைத்திருந்தால் இன்னும் விசேஷம்: எஞ்சினில் மரை மெட்ரிக், போல்ட் தலை விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு. அந்த எஞ்சினின் பூர்வீகம் கோவென்ட்ரியில் பிரெஞ்சு ஹாட்ச்கிஸ் நிறுவனத்திடம் மோரிஸ் வாங்கிய தொழிற்சாலை. இயந்திரங்கள் மெட்ரிக், ஊரில் இருந்த ஸ்பேனர் விட்வொர்த். தொலைந்த போல்ட்டுக்குப் பதில் கைக்குக் கிடைத்ததைத் திருகினால் எஞ்சின் பிளாக்கின் மரையே போகும்.

ஓட்டாமல் பூட்டி வைப்பது

குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைத்துவிடுவது அக்கறை போலத் தெரியும். எஞ்சின் முழுதாகச் சூடாகாததால் ஈரம் ஆயிலிலும் சைலன்ஸரிலும் தங்கிவிடும். எடுத்தால் அரைமணி நேரமாவது ஓட்டுங்கள், இல்லாவிட்டால் தொடவே வேண்டாம். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் என்றாலே 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய்களை அது இளக்கிவிடும். எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றாமல் டேங்க் நிறைய விட்டுப் பூட்டினால் வசந்தத்தில் கராஜே நாறும்.

கழற்றிய பழைய பாகத்தை உடனே குப்பையில் போடாதீர்கள். இப்போது புதிதாக வரும் டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டார்களிலும் கண்டென்சர்களிலும் தரக்குறைவானவை நிறைய. வேலை செய்துகொண்டிருந்த பழைய ரோட்டாரைக் காரிலேயே ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் நடுரோட்டில் உதவும். ஒரே நாளில் இரண்டு பாகங்களை மாற்றவும் வேண்டாம். எது கெடுத்தது என்று பிறகு தெரியாது.

2018 மே மாதத்திலிருந்து பிரிட்டனில் 40 வயது தாண்டிய, பெரிதாக மாற்றியமைக்கப்படாத கார்களுக்கு எம்ஓடி என்ற வருடாந்தரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. சாலையில் ஓடத் தகுதியான நிலையில் வைத்திருக்கும் பொறுப்பு மட்டும் சொந்தக்காரரிடமே இருக்கிறது. பலர் அந்தச் சோதனையோடு சேர்த்து, தாங்களே வண்டியைப் பார்த்துக்கொள்வதையும் விட்டுவிட்டார்கள். கட்டணம் கொடுத்து அந்தச் சோதனையை விருப்பத்தின் பேரில் செய்துகொள்ளலாம். போனால் ரோலரில் பிரேக் சோதனை செய்து, நான்கு சக்கரங்களின் பிடிப்பு எண்களையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். இடதும் வலதும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைப் போன வருஷத்துத் தாளோடு ஒப்பிட்டால், அடுத்து எந்தச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும் என்று தெரிந்துவிடும்.