பிரெஞ்சுச் சொல் ஆணா, பெண்ணா? தெரிந்த ஆங்கிலத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம்

மேசை பெண், புத்தகம் ஆண். பிரெஞ்சு படிக்கத் தொடங்குகிற தமிழருக்கு முதல் வாரமே தலை சுற்ற இது போதும். நமக்கு உயிரில்லாப் பொருள் என்றால் ‘அது’ என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஆங்கிலத்தில் ‘இட்’. பிரெஞ்சில் அந்த வசதி கிடையாது, நாற்காலிகூட ‘அவள்’தான். ஏன் என்று குடைந்து பயனில்லை. பொருளை விடுங்கள், சொல்லின் வாலைப் பாருங்கள்.

படி 1: சொல்லை ஒற்றையாக மனப்பாடம் செய்யாதீர்கள்

ஆண்பால் சொல்லுக்கு முன்னால் ‘லெ’ அல்லது ‘அன்’ வரும். பெண்பாலுக்கு ‘லா’ அல்லது ‘யூன்’. நோட்டில் அன், யூன் சேர்த்தே எழுதுங்கள். உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் லெ, லா இரண்டுமே வெறும் ‘ல்’ ஆகிவிடும். ‘லிமாஜ்’ (இமேஜ், படம்) என்று படித்தால் பால் தெரியாது. ‘யூன் இமாஜ்’ என்றால் பெண்பால் என்று உடனே தெரிந்துவிடும்.

படி 2: ஆங்கில வாலைப் பிடியுங்கள்

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தன. ஆங்கிலம் பாலை உதறிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டது. நமக்கு அதில்தான் லாபம்.

நேஷன், ஸ்டேஷன், சொல்யூஷன் என ‘ஷன்’னில் முடிவது பிரெஞ்சில் ‘சியோன்’ ஆகும்: லா நசியோன், லா ஸ்தசியோன். பெண்பால். அன்றாடச் சொற்களில் இதற்கு விலக்கே இல்லை எனலாம். யுனிவர்சிட்டி, குவாலிட்டி, செக்யூரிட்டி போன்றவையும் பெண்பால். ‘இட்டி’ அங்கே ‘இத்தே’.

டாக்குமென்ட், அப்பார்ட்மென்ட், மான்யுமென்ட் வகை எல்லாம் ஆண்பால்.

‘ஏஜ்’ (பிரெஞ்சில் ‘ஆஜ்’) கொஞ்சம் வில்லங்கம். கராஜ், வில்லேஜ், மெசேஜ் ஆண்பால். ஆனால் பேஜ், கேஜ், இமேஜ் மூன்றும் பெண்பால். கராஜில் அந்த ‘ஆஜ்’ பின்னால் ஒட்டியது. பேஜில் அது ஒட்டே அல்ல, சொல்லின் உடம்பு. இந்த மூன்றையும் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: பெயரடை சேர்த்துக் காதால் சோதியுங்கள்

சின்ன கிராமம்: அன் பெத்தி விலாஜ். சின்ன வீடு: யூன் பெத்தித் மேசோன். பெண்பாலில் கடைசி ‘த்’ வாய்விட்டு ஒலிக்கிறது. வெள்ளைக்கும் அப்படியே: ஆண்பாலில் ப்லான், பெண்பாலில் ப்லான்ஷ். அமெரிக்காவின் வெள்ளை மாளிகை பிரெஞ்சில் லா மேசோன் ப்லான்ஷ்.

படி 4: இரட்டையர்களைக் கவனியுங்கள்

1889இல் நிறுவிய ஈஃபிள் கோபுரம் லா தூர் எஃபெல். 1903இல் தொடங்கிய சைக்கிள் போட்டி லெ தூர் தெ ஃப்ரான்ஸ். எழுத்து ஒன்றுதான், ‘லா’ என்றால் கோபுரம், ‘லெ’ என்றால் சுற்று. லீவ்ரும் இப்படித்தான்: ‘லெ’ போட்டால் புத்தகம், ‘லா’ போட்டால் பவுண்டு.

கடைசியாக, அண்மையில் ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்குப் போன வீக்கெண்ட், பார்க்கிங், ஸ்மார்ட்போன் போன்றவை பெரும்பாலும் ஆண்பால். ஸ்டார், இன்டர்வியூ போன்ற சில மட்டும் பெண்பாலில் போய் உட்கார்ந்துகொண்டன. கோவிட் வந்தபோது பிரெஞ்சுக்காரர்களே குழம்பினார்கள். நோய் என்பதற்கான சொல் பெண்பால் என்பதால் ‘லா கோவித்’தான் சரி என்று 2020 மே மாதம் பிரெஞ்சு மொழிக்கான அமைப்பான அகாதெமி ஃப்ரான்சேஸ் சொன்னது. அதற்குள் பிரான்சில் ‘லெ கோவித்’ பலர் வாயில் ஊறிப்போய்விட்டது. இரண்டும் காதில் விழும், திடுக்கிட வேண்டாம்.